அரிசி கழுவிய தண்ணீர்

கிளை கையோடு வந்துவிட்டது. இழுக்கக்கூட இல்லை, நேற்று நிமிர்ந்து நின்றது இன்று ஏன் இப்படித் தொங்குகிறது என்று சும்மா தூக்கிப் பார்த்தேன், வெந்த கீரைத்தண்டு மாதிரி அடியோடு கழன்று வந்தது. அடிப்பக்கம் கன்னங்கரேல் என்று இருந்தது, முகர்ந்தால் சாக்கடை நாற்றம். இப்போது அது அடுப்பங்கரைக் குப்பைத்தொட்டியில், முருங்கைக்காய்ச் சக்கைக்கு அடியில் கிடக்கிறது, மேலே காபித்தூள் சக்கை, அதற்கும் மேலே நானே கிழித்துப் போட்ட பேப்பர். அறுபத்தாறு வயதில் ஒரு செடியின் கிளையை ஒளித்து வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கிறேன், சோப்பு போட்டு இரண்டாம் முறை, நாற்றம் போகவில்லை. மணி ஆறே முக்கால். எட்டரைக்கு இரண்டு பேர் வருகிறார்கள். நேற்று சாப்பிடும்போது என் பெண் சுகந்தி சொன்னாள், "நாளைக்குக் காலையில விதை எடுக்க ஆள் வர்றாங்கம்மா, அவரோட செடிக்கு." புருஷனைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவள் குரலில் ஒரு குழைவு வரும், எனக்கு எரிச்சலாக இருக்கும். எதிரே தெரிகிற மலை முந்தின வருஷம் எரிந்ததாம், அந்தச் சரிவில் இந்தச் செடிதான் நிறைய இருந்ததாம், கலிபோர்னியாவில் இந்தச் சுற்றுவட்டாரத்து மலைகளை விட்டால் வேறெங்கும் முளைக்காதாம், தீக்கு முன்னால் எடுத்த விதையில் முளைத்த ஆறு கன்றில் இது ஒன்றுதான் பிழைத்ததாம், இதன் விதையைக் கொண்டுபோய் அங்கே திரும்பத் தூவப்போகிறார்களாம். சரி சரி என்று தலையாட்டிக்கொண்டே ரசத்தை ஊற்றினேன். மாப்பிள்ளை தியாகேசன் தலை நிமிரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை, என் தோளுக்குப் பக்கத்தில் யாரோ நிற்பதுபோல் அங்கேதான் பார்ப்பார். நாலு வருஷம் வளர்த்த செடி. நான் கொன்றுவிட்டேன் என்று சொல்லமாட்டேன். செத்துவிட்டது, அவ்வளவுதான். செடி என்றால் சாகத்தான் சாகும்.

செடியா அது. மார்ச் மாதம் நான் வந்திறங்கிய அன்று பின்பக்கம் எட்டிப் பார்த்தபோது யாரோ அடுப்புச் சாம்பலைக் கொட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். இலை முழுக்க வெள்ளைச் சுணை, தொட்டால் பழைய கம்பளி மாதிரி, முழங்கால் உயரம்கூட இல்லை. காட்டு பக்வீட் என்று பெயர் சொன்னார்கள். வீட்டுக்குப் பின்னால் இவ்வளவு இடம் சும்மா கிடக்கிறது, ஒரு கறிவேப்பிலை உண்டா, ஒரு வெண்டைச் செடி உண்டா, சாமி படத்துக்கு வைக்க ஒரு செம்பருத்தி உண்டா? இருந்த நல்ல மண்ணைத் தோண்டி அப்பால் தள்ளிவிட்டு, மூட்டை மூட்டையாகச் சரளைக்கல்லை வாங்கிவந்து கொட்டி, கல்லுக்கு நடுவே இதை நட்டிருக்கிறார். கல்லைக் கடையில் வாங்குகிற மனுஷரை என் ஆயுசில் முதல்முதலாகப் பார்த்தேன். சரி, நட்டாரே, ஒரு சொம்பு தண்ணீர்? கிடையாது. தினம் காலையில் காபிக் கோப்பையோடு போய், மடக்கு நாற்காலியைப் போட்டு, அதன் எதிரே பத்து நிமிஷம் உட்கார்ந்துகொள்வார். காபி அவர் தொண்டைக்குள் போகும், செடிக்கு ஒரு சொட்டு போகாது. நான் இந்த ஜன்னலில் நின்று பார்ப்பேன். சொந்தக்காரர்கள் மத்தியில் அவருக்குத் தங்கமான மாப்பிள்ளை என்று பெயர், யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டாராம். இந்த வாயில்லாத ஜீவனைத் தாகத்தில் நிறுத்திவைத்து வேடிக்கை பார்க்கிறாரே என்று எனக்கு வயிறு எரியும். கல்நெஞ்சம் என்று மனசுக்குள் திட்டுவேன். இப்போதும் திட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், திட்டுகிறவரை கொஞ்சம் தெம்பாக இருக்கிறது, நிறுத்தினால் குப்பைத்தொட்டி ஞாபகம் வந்துவிடுகிறது.

என் வீட்டுக்காரர் பொதுப்பணித்துறையில் லஸ்கர். மன்னார்குடிக்குத் தெற்கே ஏழு மதகு அவர் பொறுப்பு, ஷட்டரைத் திருகி ஏற்றி வாய்க்காலில் தண்ணீர் விடுவதும் இறக்கி நிறுத்துவதும்தான் வேலை. முறை வைத்து விடுகிற காலத்தில் எங்கள் வாசலில் வந்து நின்று கத்தாத ஆள் கிடையாது, தண்ணீர் விடவில்லை என்று கத்துவார்கள், விட்டுவிட்டாய் என்று ஒருத்தன் வந்து கத்தியதாக எனக்கு ஞாபகம் இல்லை. அந்த வாசலில் முப்பத்தெட்டு வருஷம் இருந்தவளுக்குத் தண்ணீர் விஷயத்தில் வேறு புத்தி எங்கிருந்து வரும்? அந்த மனுஷரும் எதையும் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார். குழம்பில் உப்பு கூடினால் தட்டு முற்றத்தில் போய் விழும், "நாக்கு செத்துப்போச்சாடி உனக்கு" என்பார், நாலாவது வீட்டுக்குக் கேட்கும். நான் அவரை வெறுத்தேன். அவர் போன அன்று நான் அழுததில் பாதி ஊருக்காக அழுதது. ஆனால் உப்பு கூடியது தெரிந்துவிடும், மறுநாள் சரியாக இருக்கும். இந்த வீட்டில் ஐந்து மாதமாகச் சமைக்கிறேன், உப்பு கூடுகிறதா குறைகிறதா என்று இன்றுவரை தெரியாது. "நல்லா இருக்கு அத்தை." எல்லா நாளும் இதே. ஒருநாள் பார்ப்போம் என்று வேண்டுமென்றே ரசத்தில் உப்பே போடாமல் இறக்கினேன். நல்லா இருக்கு அத்தை. அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தில் நானே தட்டை வீசியிருப்பேன், வீச முற்றம்தான் இல்லை. எங்கே ஆரம்பித்தேன், தண்ணீர். வந்த நாலாம் நாள் அரிசி கழுவினேன், கழுநீரை சிங்க்கில் கொட்ட மனசு வரவில்லை, ஊரில் அது கறிவேப்பிலைக் கன்றுக்குப் போகும், அதைக் கொண்டுபோய் இந்தச் சாம்பல் செடியின் காலடியில் ஊற்றினேன். கல்லுக்குள் சர்ரென்று இறங்கியது, அவ்வளவு தாகம் என்று எனக்குக் கண் கலங்கியது. மறுநாளும், அதற்கு மறுநாளும். மோர் புளித்து மிஞ்சினால் அதுவும். மூன்றாம் வாரம் பார்த்தால் பச்சைப்பசேல் என்று துளிர், கொழுகொழுவென்று நாலு பக்கமும் தழைந்து கல்லெல்லாம் மூடிவிட்டது. மாப்பிள்ளை அன்று நாற்காலியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். உள்ளே வந்து, "ரொம்ப வளந்துடுச்சு அத்தை" என்றார். பாராட்டுகிறார் என்று நினைத்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது காது சுடுகிறது.

வேண்டாம் என்று சொன்னாரா இல்லையா என்றால், சொன்னார். சொல்லவில்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது. மூன்று தடவை. முதல் தடவை நான் பாத்திரத்தோடு கதவைத் திறக்கும்போது எதிரே வந்துவிட்டார், "உங்களுக்கு எதுக்கு அத்தை சிரமம்" என்றார். எனக்கென்ன சிரமம் என்று நானும் மரியாதைக்குச் சொல்லிவிட்டுப் போய் ஊற்றினேன். சிரமம் எதற்கு என்று ஒருவர் சொன்னால் என்ன அர்த்தம்? செய்தால் நன்றாயிருக்கும், நானாக வாய்விட்டுக் கேட்கமாட்டேன் என்று அர்த்தம். இரண்டாம் தடவை சுகந்தி வழியாக வந்தது. மாமியாரும் மாப்பிள்ளையும் நேரே நின்று பேசிக்கொள்வது எங்கள் வகையில் வழக்கமில்லை, எதுவானாலும் பெண் மூலமாகத்தான் போய்வரும், வருவதற்குள் பாதி ஆறிவிடும். "அதுக்குத் தண்ணி வேணாமாம்மா" என்றாள் போனிலிருந்து கண்ணை எடுக்காமல், இன்றைக்குத் துணி துவைக்க வேண்டாம் என்பதுபோல. மூன்றாம் தடவை அவரே, ஜூன் மாதம், செடி மஞ்சள் மஞ்சளாகப் பூத்திருந்த சமயம், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "இது தண்ணி கேக்காது அத்தை." கேட்காதுதான். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டில் நானும்தான் சோறு கேட்டதில்லை, பசி இல்லாமலா போயிற்று? இலைமேல் கையைக் குறுக்கே வைத்துப் போதும் போதும் என்கிறவருக்கு விரலிடுக்கில் இன்னொரு கரண்டி பாயசம் விடுவதுதான் மரியாதை, போதும் என்றதும் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தால் கை கழுவுகிற இடத்திலேயே பேசிவிடுவார்கள். அவர் மூன்று தடவை போதும் என்றார், நான் மூன்று தடவையும் ஒரு கரண்டி கூடவே விட்டேன். ஜூனுக்குப் பிறகு மத்தியானமும் ஒரு சொம்பு. இதில் எங்கே தப்பு, எங்கே தப்பு என்று சுற்றிச் சுற்றி வந்து மனசு ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது, அது காபி. வந்த மறுநாள் காலையில் அவர் காபி போட்டுக்கொண்டிருந்தார், "உங்களுக்கு வேணுமா அத்தை" என்று கேட்டார், வேண்டாம் மாப்பிள்ளை என்றேன், இன்னொரு தடவை கேட்பார் என்று அங்கேயே நின்றேன். கேட்கவில்லை. தனக்கு மட்டும் ஊற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டார். அன்று மத்தியானம் வரை எனக்குத் தலைவலி, திமிர் பிடித்தவர் என்று நினைத்துக்கொண்டேன். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே எடுத்துக்கொள்கிறவர், தான் வேண்டாம் என்று சொன்னாலும் அதே வேண்டாம்தான். அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். தலைவலியில் புரியவில்லை, கோபத்தில் புரியவில்லை, இன்றைக்குக் கிளை கழன்று கையில் வந்தபிறகு புரிகிறது. யாருக்கு என்ன பிரயோஜனம்.

அப்படியென்றால் மற்றதற்கு என்ன அர்த்தம்? என் ஆறு மாத விசாவில் மிச்சம் இருபத்திரண்டு நாள். சுகந்தி இங்கேயே இருந்துவிடு என்கிறாள், அவள் இந்த நாட்டுப் பிரஜை, பெற்றவளுக்காக எழுதிப்போடலாமாம், பேப்பரெல்லாம் மேஜைமேல் இருக்கிறது, அவள் கையெழுத்துப் போட்டாகிவிட்டது, என்னுடையதுதான் பாக்கி. ஊரில் அந்த வீட்டில் மூன்று வருஷம் தனியாக இருந்து பார்த்தாயிற்று, பேச்சுச் சத்தத்துக்காக டிவியை நாள் முழுக்க ஓடவிட்டு, அதில் வருகிறவர்களுக்கு நான் பதில் சொல்ல ஆரம்பித்த அன்றுதான் சுகந்திக்குப் போன் போட்டேன். எனக்கு இங்கே இருக்க வேண்டும். கெஞ்சத்தான் மாட்டேன், மற்றபடி இருக்க வேண்டும். அவர் என்ன சொல்கிறார் என்று அவளிடம் கேட்டேன். "அத்தை இஷ்டம்னு சொல்லிட்டார்மா" என்றாள், பெரிய வரம் வாங்கி வந்தவள் மாதிரி. அத்தை இஷ்டம். இருபது நாளாக அந்த இரண்டு வார்த்தையை வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறேன், இருங்கள் என்கிறாரா, போங்கள் என்கிறாரா, பிடிபடவில்லை. இருங்கள் என்றுதான் இத்தனை நாள் வைத்துக்கொண்டேன், எனக்கு அதுதானே வேண்டும். இப்போது பார்த்தால் அது உங்களுக்கு எதுக்கு சிரமம் என்று சொன்ன அதே வாய். நான் கையெழுத்துப் போட்டுவிட்டு, சாகிறவரை இந்த வீட்டில் ஏதோ ஒன்றைக் கெடுத்துக்கொண்டே இருந்து, அவர் அதைப் பார்த்துக்கொண்டே நல்லா இருக்கு அத்தை, நல்லா இருக்கு அத்தை என்று சொல்லிக்கொண்டே இருந்தால்? பயமாக இருக்கிறது. சாம்பல் செடிக்காக இல்லை, இதற்குத்தான்.

மணி எட்டே கால் ஆகிவிட்டது, மாடிப்படியில் காலடி. "குட் மார்னிங் அத்தை." வாங்க மாப்பிள்ளை என்கிறேன், அவர் வீட்டுக்குள் அவரையே விருந்தாளி மாதிரி. இப்போது சொல்லிவிடலாம், மாப்பிள்ளை, செடி போய்விட்டது என்று மூன்றே வார்த்தை. சொல்லவில்லை. காபியைக் கலக்குகிறார், கரண்டி சத்தம் கேட்கிறது, இன்றைக்கு முகத்தில் ஒரு சந்தோஷம் வேறு, இஸ்திரி போட்ட சட்டை, கையில் விதை போட்டு வைக்கச் சின்னச் சின்ன காகித உறைகள், ஒவ்வொன்றிலும் தேதி எழுதியிருக்கிறது. கதவு திறந்து மூடுகிறது. நான் ஜன்னலை விட்டு நகர வேண்டும் என்று நினைக்கிறேன், நகரவில்லை. நாற்காலியைப் பிரித்தவர் உட்காரவில்லை. கோப்பையைக் கீழே வைக்கிறார். இஸ்திரிச் சட்டையோடு கல்லில் மண்டியிடுகிறார். ஒரு கிளையைத் தொடுகிறார், எனக்கு வந்தது மாதிரியே அவருக்கும் வருகிறது. கல்லை ஒதுக்கி அடிமண்ணை விரலில் எடுத்து மூக்கருகில் கொண்டுபோகிறார். ஐந்து மாதத்துக் கழுநீர், புளித்த மோர். அவருக்கு அந்த வாசனை தெரியும், என் சமையலறை வாசனை அது. தலை திரும்புகிறது, ஜன்னலைப் பார்க்கிறார், நான் சட்டென்று குனிந்து ஒன்றுமில்லாத தரையில் எதையோ தேடுகிறேன். நிமிரும்போது காய்ந்த பூங்கொத்து ஒன்றைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் கசக்கி ஊதுகிறார். எல்லாம் பறந்துவிட்டது. இன்னொன்றைக் கிள்ளுகிறார், ஊதுகிறார், கையில் ஒன்றும் நிற்கவில்லை. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டாம், களத்தில் எத்தனையோ பேர் இப்படி ஊதிப் பார்த்துவிட்டு உட்கார்ந்ததைப் பார்த்தவள் நான். அத்தனையும் பதர். செடியும் போயிற்று, விதையும் இல்லை. எட்டாவது கொத்துவரை எண்ணினேன், அதற்குமேல் பார்க்க முடியவில்லை, அவரோ நிறுத்தாமல் கிள்ளி ஊதிக்கொண்டே இருந்தார்.

"அம்மா, நீ அதுக்குத் தண்ணி ஊத்துனியா?" சுகந்தி எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியாது. "நான் எதுக்கு ஊத்துறேன்" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது பொய். "வேணாம்னு உங்கிட்ட சொன்னேனேம்மா." "சொன்ன லட்சணம்" என்றேன், "போனைப் பாத்துக்கிட்டுச் சொன்ன." அவளுக்கு அழுகை முட்டியது, எனக்கு அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. புருஷனும் பெண்டாட்டியுமாகச் சேர்ந்து என்னைப் பஞ்சில் பொதிந்து வைத்துவிட்டுக் கடைசியில் கொலைகாரி ஆக்கியிருக்கிறீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. அதற்குள் பக்கக் கதவு வழியாக அந்த இரண்டு பேர் வந்துவிட்டார்கள், தொப்பி போட்ட நரைத்த பெண்மணி ஒருத்தி, கழுத்தில் பூதக்கண்ணாடி தொங்கவிட்ட ஆண் ஒருவர். செடியைப் பார்த்ததும் அந்த அம்மாள் வாயில் கை வைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை எழுந்து நின்று அவர்களிடம் இங்கிலீஷில் சொன்னது திறந்த கதவு வழியாக எனக்குக் கேட்டது, எனக்குப் புரிகிற அளவு இங்கிலீஷ்தான். பைப் லீக். மை மிஸ்டேக். ஐ டிட் நாட் செக். சொல்லிவிட்டு சிரித்தார். பதரை ஊதிய வாயால் சிரித்தார். என்னைக் காப்பாற்றுகிறாராம். எனக்குள் என்னவோ அறுந்தது. உப்பில்லாத ரசத்தைக் குடித்துவிட்டுச் சிரித்த அதே சிரிப்பு. நாலு வருஷத்து உயிர் போனபிறகும் என்னைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லத் தகுதியில்லாதவளாக அல்லவா வைத்திருக்கிறார். ஈரக் கையோடு வெளியே போனேன்.

"பைப்பும் கசியல ஒண்ணும் கசியல" என்றேன். "தெனம் காலையில நான்தான் ஊத்துனேன். உங்களுக்குத் தெரியும்."

"தெரியும் அத்தை" என்றார் என் தோளைப் பார்த்து.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னேன்."

"அதுக்குப் பேரு சொல்றதா? எம்பொண்ணு அப்படி ஊத்தியிருந்தா அவகிட்ட அப்படியா சொல்லியிருப்பீங்க?"

"பரவால்ல அத்தை, விடுங்க. நீங்க உள்ள போய் ரெஸ்ட் எடுங்க."

"பரவால்லன்னு சொல்லாதீங்க மாப்பிள்ளை. பரவால்லன்னு விடுற விஷயமில்ல, எனக்குத் தெரியுது. நான் செஞ்சது தப்பு, செடி போச்சு, விதையும் போச்சு. அதுக்கு நான் என்ன பண்ணணுமோ பண்றேன். இன்னொண்ணையும் இப்பவே கேட்டுடுறேன். நான் இங்க இருக்கறதா, ஊருக்குப் போறதா? அத்தை இஷ்டம்னு சொல்லாதீங்க. உங்க இஷ்டத்தைச் சொல்லுங்க."

"அம்மா, உள்ள வாம்மா" என்று சுகந்தி கையைப் பிடித்து இழுத்தாள். நான் அசையவில்லை. அந்த இரண்டு பேரும் பாஷை புரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாப்பிள்ளை உள்ளங்கையில் ஒட்டியிருந்த தூசியைத் தொடையில் தட்டினார். பிறகு தோளை விட்டு என் முகத்தைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. முப்பத்தொன்பது வயது ஆள் இவ்வளவு சின்னப் பையனாகத் தெரிவார் என்று நான் நினைத்ததில்லை.

"போயிடுங்க அத்தை" என்றார்.

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. "என்னங்க இது" என்று சுகந்தி அவரைப் பிடித்தாள், அவர் மாற்றிச் சொல்வார் என்று அவள் காத்திருந்தாள், நானும்தான் காத்திருந்தேன். மாற்றவில்லை, கண்ணையும் எடுக்கவில்லை. ஐந்து மாதத்தில் அவர் சொன்னதில் முதல் தடவையிலேயே எனக்குப் புரிந்தது அது ஒன்றுதான். "சரி மாப்பிள்ளை" என்றேன்.